பல்லடத்துக்கு ஒரு டிக்கெட்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 28 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சின்ன வயதிலிருந்தே எனக்குத் திக்கும். ஆனால் அம்மாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் 'பிரசென்ட் சார்' வராமல் கையை மட்டும் தூக்கி அடி வாங்கினேன். அப்போது தொடங்கியது. ப, க, த-வில் தொடங்கும் சொல் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே தெரிந்துவிடும், உடனே வேறு சொல்லுக்குத் தாவிவிடுவேன். பஸ்ஸில் 'பல்லடம்' என்று கேட்க வராது. அதே வழியில் இன்னும் தள்ளியிருக்கும் உடுமலைக்கு டிக்கெட் எடுத்துப் பல்லடத்தில் இறங்குவேன். என் பெயரே ப-வில்தான் ஆரம்பிக்கிறது. பேக்கரியில், கூரியர்காரரிடம் எல்லாம் 'அருண்' என்று சொல்லிவிடுவேன். ஆபீஸில் மெர்ச்சண்டைசராகப் போகச் சொன்னார்கள். ஆர்டர் கொடுக்கும் பையர்களிடம் பேச வேண்டுமே என்று 'அக்கவுண்ட்ஸ்லயே இருக்கேன் சார்' என்று மறுத்துவிட்டேன்.

இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தை மாதம் முகூர்த்தம். கட்டிக்கப்போற பொண்ணு தினமும் ராத்திரி போன் பண்றாங்க. நான் எடுப்பதில்லை. 'வெளியே இருக்கேன்' என்று மெசேஜ் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் சாட் பண்ணுவேன். போன வாரம் 'என்னைப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க' என்று கேட்டுவிட்டார்கள். எனக்கு அவங்களை ரொம்பப் பிடிக்கும். நான் நானாக இருந்து பேச ஆசை, ஆனால் தைரியம் வரவில்லை. தைக்குள் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ளவும், முடிந்தால் திக்கலைச் சரிசெய்யவும் வழி சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உடுமலை டிக்கெட்டில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். பேச்சுச் சிகிச்சையாளராக இருபது வருஷம், திக்கிப் பேசுகிறவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கதையை ஏதோ ஒரு ரூபத்தில் சொல்லாத ஆள் குறைவு. ஒருத்தர் பத்து வருஷம் ஓட்டலில் இட்லியே சாப்பிட்டார். அவருக்குப் பிடித்தது தோசை. இன்னொருத்தர் மகளுக்குப் பெயர் தேடும்போது ராசி, நட்சத்திரம் எதையும் பார்க்கவில்லை. தனக்கு வாயில் வருகிற எழுத்தா என்று மட்டும் பார்த்தார். இரண்டாம் தடவை உங்கள் கடிதத்தைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தப் பெண் கேட்ட கேள்வி அதில் இருந்தது.

'சாமர்த்தியமாக' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் எனக்கு மறுப்பில்லை. வாயால் ஒரு வாக்கியத்தைப் பேசிக்கொண்டே, மனதால் அடுத்த வாக்கியத்துக்குள் ஓடி, அங்கே கிடக்கும் முள்ளைப் பார்த்து, ஒரு நொடிக்குள் வேறு சொல்லை எடுத்து வைப்பது லேசான வேலை இல்லை. சாதாரணமாகப் பேசுகிறவர்களால் இதைப் பத்து நிமிஷம்கூடச் செய்ய முடியாது. நீங்கள் இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்கிறீர்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஏன் இவ்வளவு அசதி என்று நீங்களே யோசித்திருப்பீர்கள்.

ஆனால் இந்தச் சாமர்த்தியம் வெளியே எப்படித் தெரிகிறது என்று பார்த்தீர்களா? தண்ணீர் கேட்க த வராது, அதனால் 'வாட்டர்' என்று கேட்பீர்கள். திருப்பூர் வேலைக்குப் போனதும் பையனுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது என்பார்கள். பெரியப்பாவை வாசலில் பார்த்தால் 'பெரியப்பா' என்று கூப்பிட வராது. சிரித்துவிட்டு நடையைக் கட்டுவீர்கள். மரியாதை தெரியாதவன், தலைக்கனம் என்பார்கள். இதெல்லாம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது, ஊகம்தான். பெரும்பாலும் சரியாக இருக்கும். மேனேஜர் உங்களை வளர விருப்பமில்லாத ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கட்டிக்கொள்ளப்போகும் பெண், தன்னைப் பிடிக்காத ஆள் என்று நினைக்கிறார். திக்கலை மறைக்கப் போய் நீங்கள் யாருக்குமே தெரியாத ஆளாகிவிட்டீர்கள். உங்களுக்குப் பதிலாக அருண் என்று ஒருத்தர் ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

ஜோசப் ஷீஹன் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர் இருந்தார். அவரும் திக்கியவர்தான். திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதுக்குக் கேட்கும் திக்கல் மேலே தெரிகிற சின்ன நுனி. பயம், வெட்கம், குற்ற உணர்வு, 'நான் இப்படி' என்ற தாழ்வு எல்லாம் நீருக்கு அடியில். உங்களுக்கு மேலே நுனிகூட இல்லை, முழுப் பாறையும் அடியில் கிடக்கிறது. இப்படி முழுக்க மறைப்பவர்கள் எங்களிடம் சிகிச்சைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும், கூட வந்த நண்பர் 'இவனுக்கு என்ன, நல்லாத்தானே பேசுறான்' என்று ஆச்சரியப்படுவார்.

முதலில் உங்கள் மனதிலிருந்து சில பாரங்களை இறக்கி வைக்கிறேன். திக்கல் பயத்தால் வருவதில்லை. பயம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது. அம்மா அதட்டியதால், இடது கையை மாற்றியதால், யாரையோ கிண்டல் செய்ததால் வந்ததும் இல்லை. பேச்சுக்கான அசைவுகளை நேரம் தப்பாமல் கோர்க்கும் மூளையின் வேலையில் இருக்கிற ஒரு வித்தியாசம் அது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. பாகிஸ்தானில் பலர் திக்கும் குடும்பங்களை ஆராய்ந்து, 2010-ல் இதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை வெளியிட்டார்கள். சேர்ந்து பாடும்போதும், கூட்டத்தோடு ஒரே குரலில் வாசிக்கும்போதும், வீட்டு நாய்க்குட்டியைக் கொஞ்சும்போதும் உங்களுக்குத் திக்காது என்று நினைக்கிறேன். நிறையப் பேருக்கு அப்படித்தான். நாக்கில் கோளாறு என்றால் அங்கேயும் திக்கியிருக்க வேண்டுமே.

வீட்டில் வசம்பு தேய்த்திருப்பார்கள், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொல்லியிருப்பார்கள். குமரகுருபரருக்குப் பேச்சு வந்த கதையைச் சொல்லித் திருச்செந்தூருக்கும் கூட்டிப் போயிருக்கலாம். கோயிலுக்குப் போனதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அம்மா மனதுக்கு ஆறுதல். கூழாங்கல் மட்டும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

சின்னக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது கொஞ்ச காலம் திக்கும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே நின்றுவிடும். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் தங்கிவிடுகிறது, அதிலும் ஆண்களே நான்கு மடங்கு அதிகம். நூற்றுக்கு ஒருவர் என்றால், 2011 கணக்கெடுப்பில் 7 கோடிக்கு மேல் இருந்த தமிழ்நாட்டில் சுமார் 7 லட்சம் பேர். அவர்களில் எத்தனை பேர் தினமும் தப்பான ஊருக்கு டிக்கெட் எடுக்கிறார்களோ.

தைக்குள் திக்கலைச் சரிசெய்ய முடியுமா என்றால், முடியாது. 28 வயதில் அதை முழுக்கத் துடைத்துத் தருகிறேன் என்று நேர்மையான சிகிச்சையாளர் யாரும் சொல்ல மாட்டார். லகுவாகத் திக்கக் கற்றுத் தர முடியும், சொல் வராமல் அடைத்து நிற்பதைக் குறைக்கவும் முடியும். '7 நாளில் திக்குவாய்க்கு விடுதலை' என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். மெதுவாக, ராகம் போட்டு இழுத்துப் பேச வைப்பார்கள். அந்த அறைக்குள் திக்காது. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் மறுபடி திக்கும். அப்புறம் 'நீங்க சரியா பயிற்சி செய்யல' என்று பழியை உங்கள் தலையில் போடுவார்கள்.

இந்த விஷயத்தில் என் கையும் சுத்தமில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், யாராவது திக்காமல் ஐந்து நிமிஷம் பேசிவிட்டால் 'இன்னிக்கு அருமையாப் பேசினீங்க' என்று பாராட்டுவேன். ஒரு கல்லூரி மாணவர் மாதம் தவறாமல் வந்தார், ஒவ்வொரு தடவையும் பாராட்டு வாங்கினார், ஒரு நாள் நின்றுவிட்டார். ரொம்ப நாள் கழித்துக் கடைவீதியில் பார்த்தபோது சொன்னார்: 'உங்ககிட்ட திக்கக்கூடாதுன்னு பயந்துதான் மேடம் வரல.' திக்கலுக்கு மருத்துவம் பார்க்க வந்தவர் என்னிடமே திக்கலை மறைத்திருக்கிறார். மறைப்பதை நான்தான் பாராட்டிப் பாராட்டி வளர்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்தப் பாராட்டை விட்டுவிட்டேன்.

சரி, தன்னம்பிக்கைக்கு வருகிறேன். உங்கள் திட்டம் எனக்குப் புரிகிறது. முதலில் எங்கிருந்தோ தைரியத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், போதுமான அளவு சேர்ந்ததும் வெளியே வந்து நீங்களாக இருக்க வேண்டும். இருபது வருஷமாகக் காத்திருந்தும் அது சேரவில்லையே, கவனித்தீர்களா? சேராததற்குக் காரணம் உண்டு. உடுமலை டிக்கெட் எடுத்துத் தப்பிக்கிற ஒவ்வொரு தடவையும், 'பல்லடம் என்று கேட்டிருந்தால் ஏதோ விபரீதம் நடந்திருக்கும், நல்லவேளை' என்று மனது குறித்துக்கொள்கிறது. நடக்காத விபரீதத்துக்கு இத்தனை வருஷமாகச் சாட்சி சேர்ந்துகொண்டே வருகிறது. ஒரு தடவை திக்கியே கேட்டுவிட்டு, கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டதைக் கண்ணால் பார்த்தால்தான் அந்தக் கணக்கு மாறும். திக்கும்போது கை நடுங்கும், காது சூடாகும். அப்போது தன்னம்பிக்கை இருக்காது. இல்லாமலேதான் செய்ய வேண்டும்.

சார்ல்ஸ் வான் ரைப்பர் என்று இன்னொருத்தர். இந்தத் துறையின் பெரிய தலைகளில் ஒருவர். வாலிபத்தில் அவருக்குக் கடுமையாகத் திக்கும். வாயைத் திறந்தால்தானே பிரச்சினை என்று, ஒரு பண்ணையில் காது கேளாத, வாய் பேசாத ஆளாக நடித்து வேலை பார்த்திருக்கிறார். உங்கள் அருணுக்கு அண்ணன். நடிப்பு தாங்காமல் ஊருக்குத் திரும்பும் வழியில், காரில் ஏற்றிக்கொண்ட ஒரு பெரியவரைப் பார்த்தார். அவருக்கும் திக்கும். ஆனால் முகத்தைச் சுளிக்காமல், அடித்துப் பிடிக்காமல், சொற்களைத் தானாகக் கசிய விட்டுக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது, இனிமேல் அதோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை என்றாராம். திக்காமல் பேசுவது ஒன்றுதான் வழி என்று நினைத்திருந்த வான் ரைப்பருக்கு, நன்றாகத் திக்குவது என்று ஒரு வழியும் உண்டு என்று அங்கேதான் உறைத்தது. பிற்காலத்தில் அவர் உருவாக்கிய சிகிச்சையின் வேர் இது. இன்றும் நாங்கள் அதைத்தான் சொல்லித் தருகிறோம். ப-வில் உதடு ஒட்டி இறுகும்போது தள்ளிக்கொண்டு போகாமல், இறுகிய இடத்திலேயே நின்று, உதட்டைத் தளர்த்தி, காற்றை மெல்ல விட்டு எழுத்தை நழுவ விடுவது. படிக்க எளிது, பழகச் சில மாதமாகும்.

வழக்கமாக நான் சுலபமானதில் ஆரம்பிக்கச் சொல்வேன். முன்பின் தெரியாதவர், அப்புறம் நண்பர், கடைசியில் வீடு. உங்களுக்கு அந்த வரிசை ஆகாது. அந்தப் பெண் ஒவ்வொரு ராத்திரியும் எடுக்காத போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் படிப்படியாக ஏறி வரும் வரைக்கும் அவர் அங்கேயே நிற்க வேண்டும் என்பது நியாயமில்லை. அதனால் அவரிடம்தான் முதலில், இந்த வாரமே.

மெசேஜில் முன்னோட்டம் போடுவதானால் போடுங்கள்: 'இன்னிக்கு ராத்திரி நானே கூப்பிடுறேன், ஒரு விஷயம் சொல்லணும்.' விஷயத்தை மட்டும் மெசேஜில் சொல்லாதீர்கள். முதல் திக்கலை அவர் உங்கள் குரலில் கேட்கட்டும். நீளமாகவும் வேண்டாம். 'எனக்குச் சின்ன வயசுல இருந்து பேச்சு திக்கும். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் போன் எடுக்கல. எனக்கு உங்களைப் பிடிக்கும். இனி எடுப்பேன், திக்கும், நான் முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.' இவ்வளவு போதும். போன் எடுக்காததற்கு மன்னிப்புக் கேளுங்கள். திக்குவதற்குக் கேட்காதீர்கள்.

அதில் 'பிடிக்கும்' என்ற சொல் ப-வில் தொடங்குகிறது. இந்த நேரத்துக்குள் நீங்கள் அதைக் கவனித்து, 'இஷ்டம்' என்று மாற்றிக்கொண்டிருப்பீர்கள். மாற்றாதீர்கள். மூன்று நொடி ஆனாலும் முப்பது நொடி ஆனாலும் அந்தச் சொல்லையே சொல்லுங்கள். மறுமுனையில் அவர் 'ஹலோ, ஹலோ, லைன் கட் ஆகுதா' என்று கேட்கக்கூடும், நடப்பதுதான். 'கட் ஆகல, திக்குது' என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. பெரும்பாலும், 'இதுக்குத்தானா இத்தனை நாள்' என்று ஒரு பெருமூச்சு வரும் என்று என் அனுபவம் சொல்கிறது. ஆனால் அவர் வீட்டில் பேச்சு எழலாம். 'பொறக்கிற பிள்ளைக்கும் வருமா' என்று கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்லுங்கள்: வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், வந்தாலும் நிறையக் குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடும், போகாவிட்டால் சின்ன வயதிலேயே பயிற்சி கொடுக்கலாம். இவ்வளவு தெரிந்த பிறகும் வேண்டாம் என்றால், அது இப்போதே தெரிவது நல்லது. நம் ஊரில் திக்கல் ஒரு குறையாகப் பேசப்படுவதைவிட, 'மறைச்சுக் கட்டிவச்சுட்டாங்க' என்ற பேச்சு பத்து மடங்கு பெரிசு, அதை உங்கள் அம்மாதான் சுமக்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை எடுங்கள். இத்தனை வருஷம் உங்களோடு சேர்ந்து ரகசியம் காத்தவர், அவருக்கும் இறக்கி வைக்க வேண்டியது இருக்கும்.

ஆபீஸ் அவசரமில்லை. மெர்ச்சண்டைசர் வேலையைப் பற்றி உங்களுக்குத்தான் என்னைவிடத் தெரியும். என்னிடம் வந்த திருப்பூர்க்காரர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் மெயில், சாம்பிள், அப்ரூவல், ஷிப்மென்ட் தேதியைத் துரத்துவது. வீடியோ கால் ஒரு பங்குதான். அந்தக் காலின் ஆரம்பத்திலேயே 'எனக்குத் திக்கும், சில சொற்களுக்கு நேரமாகும்' என்று சொல்லிவிடுபவர்களுக்குப் பதற்றம் கணிசமாகக் குறைவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருவேளை எல்லாவற்றையும் யோசித்த பிறகும் கணக்குதான் பிடிக்கிறது என்றால் அங்கேயே இருங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதை க-வும் ப-வும் சேர்த்து, 'கணக்குதான் பிடிக்கும்' என்று மேனேஜரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு இருங்கள்.

கிண்டல் செய்பவர்கள் இருப்பார்கள். நம் சினிமா திக்குவாயைக் காமெடிக்கு வைத்தே பழக்கிவிட்டது. யாராவது உங்களைப் போலப் பேசிக் காட்டினால் எரிச்சலாகத்தான் இருக்கும், எரிச்சல் படுங்கள். வாக்கியத்தை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

உதவி வேண்டுமென்றால், பேச்சு மற்றும் கேட்பியல் படித்து இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (RCI) பதிவு செய்த சிகிச்சையாளரைப் பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்டால் காட்ட வேண்டும், கேட்பதில் கூச்சம் வேண்டாம். மறைத்துத் திக்குகிறவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள். தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்று திக்குகிறவர்களே 2008 முதல் நடத்தும் அமைப்பு ஒன்று இருக்கிறது. ஓர் அறை நிறையத் திக்குகிறவர்கள் அவரவர் பெயரைத் திக்கிச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதை ஒரு தடவை கேளுங்கள். நான் பேசிப் பேசிச் செய்ய முடியாததை அந்த அரை மணி நேரம் செய்துவிடும். தூக்கம் கெடுகிற அளவுக்கோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கோ மனது சோர்ந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள், தாமதிக்க வேண்டாம்.

அப்புறம் அந்த பஸ். போனில் பேசி முடித்த மறுநாள் கூட்டம் குறைவான வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கண்டக்டரின் முகத்தைப் பாருங்கள், 'வந்து', 'அதாவது' என்று முன்னால் எதையும் ஒட்டவைக்காமல் நேராக ப-வில் ஆரம்பியுங்கள். அன்றைக்கு அதிர்ஷ்டவசமாகத் திக்காமல் வந்துவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மறுநாள் வேண்டுமென்றே 'ப... ப... பல்லடம்' என்று திக்கிக் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இது நாங்கள் முறையாகவே கொடுக்கிற பயிற்சி. பின்சீட்டில் இருக்கிற ஆள் திரும்பிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

கணக்குப் பிரிவில் இருக்கிற ஆள் நீங்கள். பல்லடத்தில் இறங்குவதற்காக இத்தனை வருஷம் உடுமலை வரைக்கும் கொடுத்த அதிகப்படி காசு எவ்வளவு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டிப் பார்த்து எனக்கும் எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.